பதினொரு விநாடிக்கு ஒருமுறை

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரோ யாரிடமோ சொல்லி என் காதுக்கு வந்த கதை இல்லை. என் கூடப் பிறந்த அக்காவுக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், வெயில் கொளுத்தும் ஞாயிற்றுக்கிழமை மதியம். அதில் முப்பத்தெட்டு நிமிடம் நான் போனில் இருந்தேன். நேரம் போனிலேயே பதிவாகி இருக்கிறது.

பகலில் ஏதுடா பேய் என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரிக்கிற ஆள்தான். அக்கா என்னைவிட மோசம். சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து என் காலைப் பிடித்து இழுத்து என்னை அலறவிட்டவள் அவள். சொல்ல வேண்டியவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான், "இப்ப எழுதுடா, ஒண்ணுகூட மறைக்காத" என்றாள். மறைக்கவில்லை.

அக்கா வேலை பார்த்தது ஒரு சின்னக் கம்பெனியில். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு ஒரு பெட்டி கொடுப்பார்கள். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். அதில் இரண்டு பட்டன். காலை ஏழு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் பச்சையை அழுத்த வேண்டும். 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று அர்த்தம். அழுத்தவில்லையென்றால் பிள்ளைகளுக்குப் போன் போகும். விழுந்துவிட்டாலோ மூச்சு முட்டினாலோ சிவப்பு. அழுத்தினால் பெட்டி நீளமாக ஒரு தரம் 'பீ...ப்' என்று கத்தும். அந்த நொடியே கம்பெனியின் அவசரப் போன் அடிக்கும். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண்.

அந்த அழுத்தல்கள் எல்லாம் வந்து சேரும் இடம் மூன்றாவது மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறையில் இருந்தது. அதுதான் அக்காவின் ராஜ்ஜியம்.

எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் படம் பார்க்கும் பெட்டி. அதனால் அக்கா எனக்குப் புரியவைத்த மாதிரியே சொல்கிறேன். வெப் சர்வர் என்பது வாசலில் நிற்கும் ஆள். வருகிறவரிடம் 'என்ன வேணும்' என்று கேட்பதோடு அவன் வேலை முடிந்தது. உள்ளே உட்கார்ந்து உண்மையில் வேலை செய்வது அப்ளிகேஷன். அதை ஏதாவது ஒரு ஃப்ரேம்வொர்க்கில், வீட்டுக்குத் தூண் உத்தரம் மாதிரி ஒரு சட்டத்தில், கட்டியிருப்பார்கள். வாசலில் இருப்பவன் பாஷை உள்ளே புரியாது. உள்ளே பேசுவது இவனுக்குப் புரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவின் பெயர் மாட்யூல். மாட்யூல் இல்லையென்றால் வாசல்காரன் யார் வந்தாலும் ஒரே பதிலைச் சொல்வான். 503. இப்போது முடியாது, போய்விட்டுப் பிறகு வா.

யார் வந்தார்கள், என்ன பதில் சொல்லி அனுப்பினான் என்பதை ஒரு கோப்பில் வரி வரியாக எழுதி வைப்பான். அதற்கு லாக் என்று பெயர். இவ்வளவு தெரிந்தால் போதும்.

அப்ளிகேஷனைப் புதிய ஃப்ரேம்வொர்க்குக்கு மாற்றியிருந்தார்கள். பழைய மாட்யூல் அதற்குப் பொருந்தாது. அதைக் கழற்றி, புதியதை மாட்டி, சர்வரோடு இணைக்க வேண்டும். ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து மூன்றுக்குள் முடித்தாக வேண்டும். அந்த ஒரு மணி நேரம்தான் யாரும் பட்டனைத் தொடாத நேரம். அந்த நேரத்தில் ஏதாவது என்றால் நேராகப் போன் செய்யுங்கள் என்று எல்லா வீட்டுக்கும் செய்தி போயிருந்தது. மூன்று மணிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு விரல்கள் பச்சையை அழுத்தும். அப்போது கதவு திறந்திருக்க வேண்டும்.

அக்கா ஒன்றே முக்காலுக்கே போய்விட்டாள். கட்டடத்தில் ஆள் இல்லை. லிஃப்ட்கூட ஓடவில்லை, படியேறினாள். மேலே ஏசி சத்தம் மட்டும்.

சரியாக 2:00. பழைய மாட்யூலைக் கழற்றினாள். சர்வரை மறுபடி ஓடவிட்டுச் சோதித்துப் பார்த்தாள். 503. எதிர்பார்த்த பதில். நிம்மதியாகத் தண்ணீர் குடித்தாள்.

பக்கத்துத் திரையில் லாக்கைத் திறந்து வைத்தாள். காலியாக இருந்தது. இருக்கத்தான் வேண்டும்.

2:06:11. ஒரு வரி வந்தது.

எண் 41. சிவப்பு. 503.

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. யாரோ தப்பாக அழுத்திவிட்டார்கள் என்று நினைத்துப் பட்டியலை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. பட்டியலில் நாற்பது இருந்தது. அடுத்து நாற்பத்திரண்டு.

நாற்பத்தொன்று இல்லை. நாற்பத்தொன்று இறந்து ஐந்து மாதம் ஆகிறது.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்துபோனால் அவர் எண்ணை ஒரு வருடத்துக்கு வேறு யாருக்கும் தர மாட்டார்கள். பெட்டி திரும்பி வந்ததும் பேட்டரியைக் கழற்றி, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அந்த அலமாரி இதே அறையில்தான் இருந்தது, அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால்.

2:06:22. எண் 41. சிவப்பு. 503.

2:06:33. எண் 41. சிவப்பு. 503.

யாரோ விளையாடுகிறார்கள், வெளியிலிருந்து யாரோ பொய்யாக அனுப்புகிறார்கள் என்று அக்கா நினைத்தாள். இதெல்லாம் அவள் தொழிலில் சகஜம். பல்லைக் கடித்துக்கொண்டு சர்வரையே நிறுத்தினாள். அப்போது 2:09. வாசலில் நிற்கும் ஆளையே வீட்டுக்கு அனுப்பியாயிற்று. இனிமேல் எழுத ஆள் இல்லை.

2:09:07. எண் 41. சிவப்பு. 503.

சர்வர் ஓடுகிறதா என்று பார்த்தாள். ஓடவில்லை. இரண்டு தரம் பார்த்தாள். ஓடவில்லை. ஓடாத சர்வர் லாக் எழுதிக்கொண்டிருந்தது.

எழுந்து போய் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள். அந்தச் சின்னப் பச்சை விளக்கு அணைந்தது. கேபிளைக் கையில் பிடித்தபடியே திரும்பித் திரையைப் பார்த்தாள்.

2:14:15. எண் 41. சிவப்பு. 503.

2:14:26.

2:14:37.

அப்போதுதான் கணக்குப் போட்டாள். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் பதினொரு விநாடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பதினொன்று.

எனக்குப் போன் வந்தது அப்போதுதான். 2:15. நான் சோபாவில் கால்மேல் கால் போட்டுக் கிடந்தேன்.

"டேய். லைன்லயே இரு. வைக்காத."

"என்னக்கா? குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. பதினொண்ணு... ஒண்ணுமில்ல. நீ இரு, போதும்."

"நான் வரட்டுமா?"

"நீ வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். மூணு மணிக்குள்ள முடிக்கணும். இருடா."

நான் எழுந்து உட்கார்ந்தேன். அக்கா என்னிடம் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. அந்தப் பதினொன்று என்னவென்று அன்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை. மாட்யூலின் அமைப்பில் அக்கா ஒரே ஒரு வரியை மாற்றினாள். அதை முறையாகச் செய்ய வழி இருக்கிறது. கதவைத் திறந்து வைத்தபடியே மாற்றலாம், கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். அக்காவுக்குப் பசி. சட்டென்று சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். மாட்யூல் எழுந்து வர நேரம் எடுத்தது. பதினொரு விநாடி. இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இல்லை ஒருநாள் செய்கிற காரியம்தான். அந்த நேரத்தில் யார் வரப்போகிறார்கள் என்ற அசட்டுத் தைரியம்.

அன்று சாயங்காலம், நாற்பத்தொன்றாம் எண் அம்மா இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. கணவர் மருந்துக் கடைக்குப் போயிருந்த சமயம். திரும்பி வந்தபோது கூடத்தில் கிடந்தாராம், பெட்டி கைக்குப் பக்கத்தில். கம்பெனி கணினியைப் பார்த்துவிட்டு, பட்டன் அழுத்தப்படவில்லை என்று குடும்பத்துக்குச் சொன்னது. அப்ளிகேஷனுக்குள் எந்த அழுத்தலும் வரவில்லை, அது நிஜம்தான்.

அக்கா வாசலில் இருந்தவனின் லாக்கைத் திறந்து பார்த்தாள்.

12:17:36. எண் 41. சிவப்பு. 503.

அந்தப் பெட்டி ஒரு தரம் அழுத்தினால் ஒரு தரம்தான் அனுப்பும். அந்த அம்மாவால் மறுபடி அழுத்த முடியவில்லை. அக்கா அந்த வரியை யாரிடமும் காட்டவில்லை. முப்பது நாள் கழித்துப் பழைய லாக்குகள் தானாக அழிந்துபோகும். அழிந்துபோயிற்று.

அக்கா கெட்டவள் இல்லை. பயந்துவிட்டாள். ஐந்து மாதமாக அவள் சரியாகத் தூங்கவில்லை என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அப்படிப்பட்டவள்தான் அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் திரை. பின்னால் அலமாரி.

ஓடிவிடலாம் என்று கால் துடித்ததாம். ஓடினால் மூன்று மணிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கதவு சாத்தியிருக்கும். மறுபடியும். அந்த ஒரு நினைப்புதான் அவளை நாற்காலியில் பிடித்து வைத்தது. புதிய மாட்யூலை மாட்ட ஆரம்பித்தாள். விசைப்பலகைச் சத்தம் எனக்குக் கேட்டது.

2:31. மாட்யூல் ஏறவில்லை. சர்வரின் பதிப்புக்குப் பொருந்தவில்லை என்று பிழை காட்டியது. முதலிலிருந்து கட்ட வேண்டும்.

"அய்யோ" என்றாள். அவ்வளவுதான். மறுபடி தட்டினாள்.

2:38. அப்போதுதான் அந்தச் சத்தம்.

பீ...ப்.

"அக்கா, என்ன சத்தம் அது?"

விசைப்பலகைச் சத்தம் நின்றது.

பீ...ப்.

"அக்கா?"

"உனக்குக் கேக்குதா?" ரகசியம் பேசுவதுபோல் கேட்டாள்.

"நல்லாக் கேக்குதே. என்னது?"

அக்கா அழ ஆரம்பித்தாள். எனக்கும் கேட்டதுதான் காரணம். அதுவரை தன் புத்திதான் பேதலித்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தாள். அதுவே அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது.

சத்தம் அலமாரிக்குள்ளிருந்து வந்தது.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் வேலையை முடிக்க மாட்டேன் என்று தெரிந்ததாம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பீப். பதினொரு விநாடி. பீப். பதினொரு விநாடி. என் வீட்டில், நல்ல வெளிச்சத்தில், எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது.

2:46. மாட்யூல் ஏறிக்கொண்டது.

கேபிளை மறுபடி செருகினாள். பாதையைப் புதிய அப்ளிகேஷனுக்குத் திருப்பினாள். இனிச் சர்வரை ஓடவிட வேண்டியதுதான் பாக்கி. விரலை வைத்தவள் நின்றுவிட்டாள்.

புதிய அப்ளிகேஷனில் நாற்பத்தொன்று இல்லை. உயிரோடு இருப்பவர்களை மட்டும்தான் அதில் ஏற்றியிருந்தார்கள். கதவைத் திறந்தாலும் உள்ளே இருப்பது அந்த அம்மாவைப் பார்த்து, 'இப்படி ஓர் ஆளே இல்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்பும். இரண்டாவது தடவை.

பீ...ப்.

"அக்கா, முடிச்சிட்டியா? கிளம்பிடு."

"இல்லடா. ஒரு பேரு விட்டுப்போச்சு."

பழைய பட்டியலைத் தேடி எடுத்தாள். மூன்று தரம் தப்பாக அடித்து, நான்காவது தரம் சரியாக அடித்தாள். எண் 41. முகவரி. வீட்டுத் தொலைபேசி. மகளின் போன்.

2:52:23. எண் 41. சிவப்பு. 503.

சர்வரை ஓடவிட்டாள்.

ஏசி சத்தம்.

என் மூச்சுச் சத்தம்.

2:52:34. எண் 41. சிவப்பு. 200.

200 என்றால், 'வாங்க' என்று அர்த்தம்.

அலமாரி அடங்கியது.

அடுத்த நொடி மேசை மேல் இருந்த அவசரப் போன் அலறியது. நானே போனைக் கீழே போட்டுவிட்டேன். அப்ளிகேஷன் தன் வேலையைச் செய்திருந்தது. திரையில் முகவரி. 'எண் 41. உதவி தேவை.'

அக்கா அலறிக்கொண்டு ஓடியிருக்கலாம். நானாக இருந்தால் படியில் உருண்டிருப்பேன். ஆனால் அவசரப் போன் அடித்தால் ஒரு நிமிடத்துக்குள் அந்த வீட்டைக் கூப்பிட வேண்டும் என்பது அங்கே விதி. 2:53க்கு என் லைனைத் துண்டித்துவிட்டு அந்த வீட்டைக் கூப்பிட்டாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

வெளியூரில் இருந்த மகளைக் கூப்பிட்டாள்.

"உங்க அம்மா நம்பர்லேருந்து உதவி கேட்டு வந்திருக்கு."



"எங்க அம்மா போய் அஞ்சு மாசம் ஆச்சுங்க. இதென்ன விளையாட்டு?"

"அப்பா எங்க இருக்காரு?"

"வீட்லதான்... ஏன்?"

"போன் எடுக்கலை. பக்கத்துல யாரையாவது அனுப்புங்க. உடனே. தயவுசெஞ்சு."

மூன்று மணி ஆனது. லாக்கில் பச்சை வரிகள் கடகடவென்று இறங்கின. முந்நூற்றுப் பன்னிரண்டும். எல்லாம் 200. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

3:09க்கு மகள் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தன்னிடம் இருந்த சாவியால் திறந்து போனாராம். பெரியவர் குளியலறையில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாராம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு மணிச் செய்தி கேட்டுவிட்டு எழுந்து போனவர். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் தாங்கியிருக்க மாட்டார் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அவரிடம் பெட்டி கிடையாது. வாங்கிக்கொள்ளச் சொல்லி மகள் எவ்வளவோ கெஞ்சியிருக்கிறார். "அவளுக்கே உதவாத பெட்டி எனக்கு எதுக்கு?" என்று மறுத்துவிட்டாராம்.

திங்கட்கிழமை காலை முதலாளியம்மா சாவியோடு வந்து அலமாரியைத் திறந்தார். நாற்பத்தொன்றாம் எண் பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. பின்மூடி திறந்து, உள்ளே பேட்டரி இல்லாமல். சிவப்புப் பட்டன் மட்டும் உள்ளே அமுங்கி இருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தார்கள், மேலே வரவில்லை.

லாக்கை அச்செடுத்து என்னிடம் வைத்திருக்கிறேன். 2:06:11லிருந்து 2:52:34 வரை இருநூற்று ஐம்பத்து நான்கு வரிகள். அதில் பெரும்பகுதி நேரம் சர்வர் ஓடவே இல்லை. தெரிந்தவர்கள் நான்கு பேரிடம் காட்டினேன். நான்கு பேரும் இப்படி நடக்க வாய்ப்பில்லை என்றார்கள். அது எனக்கே தெரியும்.

செவ்வாய்க்கிழமை அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். நானும் துணைக்குப் போனேன். பெரியவர் தெளிவாக இருந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நீதான் அந்தக் கம்பெனிப் பொண்ணா?"

"ஆமாங்க. இப்ப எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன். அவ புண்ணியம்."

"யாரு?"

"யாரா? என்கிட்ட ஏதும்மா பட்டன்? அவதான் அழுத்துனா. என் தலைமாட்டுல உக்காந்து, விடாம அழுத்திக்கிட்டே இருந்தா. கை வலிக்கப்போகுது, விடுன்னேன். கேக்கலை."

மகள் எங்களைப் பார்த்து, மயக்க மருந்து என்பதுபோல் கண்ணைக் காட்டினார்.

"அவங்க... வேற ஏதாவது சொன்னாங்களா?"

பெரியவர் யோசித்தார்.

"சொன்னா. 'போன தடவை நான் போனப்ப கதவைச் சாத்திட்டாங்க. அந்தப் பொண்ணு உள்ளதான் இருந்துச்சு. இந்தத் தடவையாவது திறக்குதா பாக்கலாம்'னு சொன்னா."

அன்று மாலை அக்கா, பெரியவரின் மகளைத் தனியாக அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். அதுவரை அந்தப் பதினொரு விநாடியைப் பற்றித் தெரிந்த ஆள் உலகத்திலேயே ஒருத்திதான். அக்கா அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.